வியாழக்கிழமை இரண்டு மணித்தியாலம்

9.2.1998, திங்கள்
வாந்திபேதி புதிதாக ஆறு பேருக்கு. தாதி நான் ஒருத்தி; என்னிடம் இருக்கும் சுகாதாரத் தொண்டர்கள் நான்கு பெண்கள். இன்று மூன்று பேர்தான் வந்தார்கள். செல்லத்தங்கம் வரவில்லை. சனிக்கிழமை அவள் போய்ச் சேருவதற்குள் பெரியநீலாவணையில் ஒரு கைக்குழந்தை இறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளைக் கண்டால் ஊரார் வாசல் படலையைச் சாத்துகிறார்களாம்.

10.2
டொக்டர் சொன்னார்: "வேற ஆளப் போடுங்க ஹாஜறா மிஸி."
"இல்ல சேர். அவவ நான் கூட்டிட்டு வாறன்."
எப்படி? தெரியாது. சொல்லிவிட்டேன்.

11.2
தங்கத்தின் வீட்டுக்குப் போனேன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. என்னைப் பார்க்காமலே கதைத்தாள்.
"முதல்ல அந்த வீட்டுக்குப் போயிருந்தா பிள்ள இருந்திருக்கும், என்ன மிஸி?"
இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று பட்டியல் எழுதிக் கொடுத்தவள் நான். அந்த வீட்டை நாலாவதாகப் போட்டவளும் நான்தானே. நாலு நாளாக இந்தக் கொப்பியில்கூட அதை எழுதவில்லை. அவளிடம் சொன்னேன்.
அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்க நித்திரை கொள்றீங்களா?" என்றாள்.
"இல்ல."
"நானும் இல்ல."

12.2, வியாழன்
இனி வியாழன்தோறும் பின்னேரம் இரண்டு மணித்தியாலம், தொண்டர்கள் தங்கள் மனதில் கிடப்பதைக் கதைக்கட்டும். வீடுகளுக்கும் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். டொக்டருக்குப் பிடிக்கவில்லை. "வாந்திபேதியில வருத்தக்காரர் கிடக்கக்குள்ள கதையா?"
"இது இல்லாட்டி வருத்தக்காரரப் பார்க்க ஆள் இருக்காது சேர்."
இன்று தொண்டர்களில் ஒருத்தி, ஆதிலா, அழுதாள். வேலை முடிந்து போனால், நோய் ஒட்டிவிடும் என்று மாமி அவளைச் சொந்தப் பிள்ளையைத் தூக்க விடுவதில்லையாம். தங்கம் வரவில்லை.

19.2
தங்கம் வந்தாள். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தேத்தண்ணி குடித்தாள். போதும்.

3.3
என்னால ஏலா. காலையில் சைக்கிளை எடுத்திட்டு, திரும்பவும் சுவரில சாத்தி வச்சிட்டன். இத்தன வருசம் வேல செஞ்சவள், எனக்கே இப்பிடியா?
ஆதிலா பார்த்துவிட்டாள். "வியாழக்கிழம நாங்க மட்டுமா கதைக்கிற? நீங்களும் சொல்லுங்க மிஸி."

5.3
சொன்னேன். பட்டியலைப் பற்றி, நாலு பேர் முன்னாலும். யாரும் எழுந்து போகவில்லை.

26.3, வியாழன்
பதினைந்து நாளாகப் புதிதாக யாருக்கும் வாந்திபேதி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இனி வியாழன் வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மூன்று மணிக்கு நாலு பேரும் வந்து வாங்குப் பலகையில் இருந்தார்கள்.
இன்று முதலில் கதைத்தது தங்கம். இறந்துபோன அந்தப் பிள்ளையை ஊசி போடக் கொண்டுவந்த நாளில், அது அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் சிரித்ததாம். பேரையும் சொன்னாள். யதுசா.
ஐந்தரை வரை இருந்தோம்.