பால்வாளியில் பாரை மீன்

அன்பு மகள் நிரோசினிக்கு,

விசுவமடு வீரகத்தியண்ணையின் வீட்டுப் பால்வாளிக்குள், அவர்கள் வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் பால் கொண்டுபோகிற வாளிக்குள், நான் இரண்டு கிலோ பாரை மீனை வெட்டிப் போட்டுவிட்டேன். கடிதத்தை இப்படியோ தொடங்கிறது, முதல் பிள்ளையைச் சுகம் கேளுங்கோ என்று அம்மா பின்னால் நின்று சத்தம் போடுகிறா. சரி, மாதாவின் கிருபையால் நாங்கள் இருவரும் நல்ல சுகம், அம்மாவின் முழங்கால் நோவு குறைந்திருக்கிறது, என்னுடைய வாய்தான் குறையவில்லை. நீயும் மருமகன் கிறிஸ்ரியும் பேரனும் அந்த நோர்வேக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மிச்சத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் அம்மா பாதியில் பறித்துத் தானே சொல்லி முடித்துவிடுவா, அதனால்தான் கருவாட்டுப் பார்சலோடு இந்தக் கடதாசியையும் வைக்கிறேன்.

நீ அங்கே ஒரு கடையில் சனம் வீட்டிலிருந்து போத்தலும் டப்பாவும் கொண்டுவந்து அரிசி பருப்பு நிரப்பிக்கொண்டு போவதைப் படம் எடுத்து அனுப்பினாய் அல்லவா, எல்லாம் அதில்தான் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் உன்னுடைய சுற்றாடல் கதையைவிட எனக்கு அதில் தெரிந்தது வியாபாரம்தான். ஈரமீனுக்கு ஒரு பிளாஸ்ரிக் சொப்பின் பை காணாது, இரண்டு வேண்டும். இப்போது பையைச் சும்மா கொடுக்கக் கூடாதென்று சட்டமும் வந்துவிட்டது, காசு கேட்டால் சனம் முகத்தைச் சுளிக்கிறது, கேட்காவிட்டால் என் கையைக் கடிக்கிறது. ஆகவே விசுவமடுவில் நான் மீன் விற்கிற கொட்டிலில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டேன், பை இல்லை, ஏனம் கொண்டுவாங்கோ, சட்டியோ வாளியோ எந்த ஏனமும் பரவாயில்லை என்று. முதலில் நன்றாகத்தான் போனது. வெறும் ஏனத்தைத் தராசில் வைத்து அதன் நிறையைக் கழித்துவிட்டு, எல்லாரும் பார்க்கத்தான் மீனை நிறுத்தேன், ஒருவரும் முறைப்படவில்லை. அப்படி இருக்கும்போதுதான் வீரகத்தியண்ணை மூடிபோட்ட சில்வர் வாளியைப் பளபளவென்று சைக்கிளில் கொழுவிக்கொண்டு வந்தார். நானும் சும்மா இராமல், கூடி நின்ற சனத்துக்கு முன்னால், இதெல்லோ ஏனம், அண்ணையைப் பார்த்துப் பழகுங்கோ என்று புகழ்ந்து, மீனைப் போட்டு அனுப்பினேன். மனுசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். குசினியில் எது மீன் காய்ச்சுகிற மச்ச ஏனம், எது மரக்கறி ஏனம் என்று அவருக்கு எங்கே தெரியும், எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டிதான் என்பதால் எனக்கும் அந்த யோசனை வரவில்லை.

அடுத்தநாள் விடிய அவருடைய மனைவி சிவனேஸ்வரியக்கா அதே வாளியோடு வந்து நின்றா. அவா மாதர் சங்கத் தலைவி, அவா வாங்கினால் அந்த ஒழுங்கையில் அத்தனை வீடும் வாங்கும், அவா திரும்பினால் ஒழுங்கையும் திரும்பும். யோசெப்பு, இது பால்வாளியெண்டு பிறந்த பிள்ளைக்கும் தெரியும், உமக்குத் தெரியேல்லையோ, வாற வெள்ளி அம்மனுக்குப் பாலை உம்மடை ஐஸ்பெட்டியிலையோ கொண்டுபோறது என்று கேட்டா. நான் பேசாமல் இருந்திருக்கலாம். அக்கா, வாளி உங்கடை, கொண்டுவந்த கை உங்கடை மனிசன்ரை, மீன் மட்டும்தான் என்ரை என்றேன். நின்ற சனம் கொல்லென்று சிரித்தது, அதோடு காரியம் கெட்டது. இரண்டு நாள் அந்த ஒழுங்கையிலிருந்து ஒரு குருவிகூட வரவில்லை. மோட்டார்சைக்கிளில் மீன் விற்கிறவன் நீலப் பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு என் கொட்டிலுக்கு முன்னாலேயே கோன் அடித்தான். நீ இப்போது தின்னப்போகிற கருவாடு அந்த இரண்டு நாளும் மிஞ்சின மீன்தான். அந்த ஒழுங்கை போனால் கொட்டிலைப் பூட்டத்தான் வேண்டும், நான் ஒற்றைச் சைக்கிளில் பெட்டி கட்டி மிதித்து உண்டாக்கின இடம் அது. பேசாமல் பையைத் திரும்பக் கொடுப்போமா என்றுகூட நினைத்தேன்.

அம்மாதான் வழி சொன்னா. உங்களுக்கு மீன் தெரியும், குசினி தெரியாது, அந்தச் சனம் மீன் காய்ச்சிறது மண்சட்டியிலை, அதைச் சைக்கிளிலை கொழுவேலுமோ, மூடியும் பிடியும் உள்ளதெல்லாம் மரக்கறி ஏனம், மச்சத்துக்கெண்டு மூடியோடை ஒண்டு கையிலை இருந்தால் ஏன் வராதுகள் என்றா. உடனே புதுக்குடியிருப்புக்குப் போய், பேக்கரிக்காரர் எறிய வைத்திருந்த, மூடியும் பிடியும் உள்ள வெறும் மாஜரீன் வாளிகளை அள்ளிக்கொண்டு வந்தேன். அம்மா சுடுதண்ணீரில் கழுவினா, நான் ஒவ்வொரு மூடியிலும் சிவப்பு மையால் மீன் கீறினேன், கத்தரிக்காய் மாதிரி இருக்கிறதாம். வீட்டுக்கு ஒன்று, மீனைத் தவிர வேறொன்றுக்கும் இல்லை.

பிறகு ஒரு புதுச் சில்வர் வாளியும் வாங்கிக்கொண்டு சிவனேஸ்வரியக்கா வீட்டுக்குப் போனேன். கதிரை தந்தா, தேத்தண்ணி தந்தா, முகம் மட்டும் தரவில்லை. வீரகத்தியண்ணை கிணற்றடியில் இல்லாத வேலையொன்றைச் செய்துகொண்டு நின்றார். அக்கா புது வாளியைச் சுண்டிப் பார்த்துவிட்டு, மீன் வித்த காசிலை வாங்கின வாளியிலையோ அம்மனுக்குப் பால் என்றா. அக்கா, கோயில் திருவிழாவுக்கு வருசாவருசம் நான் தாறதும் மீன் வித்த காசுதானே, உங்கடை சபை அதை மணந்து பார்த்தோ எடுத்தது என்றேன். வாய்க்கொழுப்பு என்று சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டா, கிணற்றடியிலும் ஒரு சிரிப்புக் கேட்டது. பிறகு தானாகவே சொன்னா, எனக்கும் பையெண்டால் விருப்பமில்லை யோசெப்பு, வாய்க்காலுக்குள்ளை கிடந்து மடையை அடைக்குது, இழுத்து எடுக்கிறதும் நான்தான் என்று. மகளே, இப்போது காலையில் அந்த ஒழுங்கையைப் பார்க்க வேண்டும், சைக்கிளுக்கு ஒரு கத்தரிக்காய் மீன் ஆடிக்கொண்டு வருகிறது. நீலப் பைக்காரன் கோன் அடிப்பதை விட்டு என்னிடம் மாஜரீன் வாளி எங்கே எடுப்பது என்று விசாரித்தான், நான் சொல்லவில்லை.

மாதா உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். பேரனுக்கு எங்கள் முத்தங்கள். ஞாயிறு பூசையை விடாதே, கருவாட்டை வெயில் இல்லாத ஊரில் திறந்து வைக்காதே. சிவனேஸ்வரியக்காவோடு என்ன பேசி முடித்தீர்கள் என்று வியாபாரியின் மகள் நீ கட்டாயம் கேட்பாய். புது வாளிக்குப் பாதிக் காசு நான், பாதி வீரகத்தியண்ணையின் வெற்றிலைச் செலவிலிருந்து. பழைய பால்வாளி இனி அவாவின் மீன்வாளி. காலையில் மீன்பெட்டி திறந்ததும் முதல் தெரிவு அவாவுக்கு. கோயில் ஏனத்தோடு எந்த ஆம்பிளை வந்தாலும் மீன் போடாமல் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. ஏனத்தோடு வருகிற எல்லாருக்கும் கிலோவுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும், அவா ஐம்பது ரூபாய் என்றா, நான் பத்து என்றேன், இருபதில் முடிந்தது.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
யோசெப்
முல்லைத்தீவு