லாவண்டருக்கு மல்லிகைக் கவாத்து

யுவ வருஷம், தை 9. இரவு.

நாத்தனார் பொன்னம்மா அந்தச் செடியை நல்லெண்ணத்தில் வெட்டினாளா, வன்மத்திலா? எனக்குத் தெரியவில்லை.

ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த லாவண்டர், இரண்டு கோடையைத் தாண்டியிருந்தது. இன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள், மல்லிகைக்குக் கவாத்து செய்த கையோடு இதையும் அடிக்கட்டை வரை வெட்டிவிட்டாள். மல்லிகை வெறுங்கட்டையிலிருந்தும் தழைக்கும். லாவண்டர் தழைக்காது.

"யாரைக் கேட்டு வெட்டினே?" என்றேன்.

அவள் அரிவாளைக் கழுவினாள். "கேக்கோணும்னு தெரியலீங்க அண்ணி. அண்ணன் ஊடு நம்ம ஊடுன்னு இருந்துட்டேன்."

விதவையாக வந்த நாளிலிருந்து இந்த வீட்டுச் சமையலும் தோட்டமும் அவள் பொறுப்பு. இப்போது டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிவிட்டாள். காலை பஸ்ஸில் ஆத்தூர்த் தம்பி வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். இவரோ, "பொம்பளைங்க சண்டை" என்று படுத்துவிட்டார். செடி போன வருத்தமும் எனக்குத் தீரவில்லை.

தை 10.

போகாதே என்று சொல்லத்தான் விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். லாவண்டரைப் பிடுங்கிய இடத்தில் மல்லிகைப் பதியன் ஊன்றிக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்றுதான் வாயில் வந்தது.

"ஆகுதுங்க. கையைக் கட்டி நிக்காம தண்ணி ஊத்துங்க அண்ணி."

ஊற்றினேன். பஸ் போய்விட்டது.