இடப்பக்கம் இருக்கும் அப்பா

அன்புள்ள உருண்டையின் அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் நலம். ஒரு விஷயம் போனில் சொல்ல வராததால்தான் கடிதம். நீங்கள் "என்ன விஷயம்?" என்றாலே என் வாயில் "ஒண்ணுமில்ல" என்று வந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா.

வெல்டிங் வேலை இப்போது மேல்தளத்தில் என்றீர்கள். காற்று அதிகமா? கண்ணில் பொறி பட்டது ஆறிவிட்டதா? வேலை முடிந்த அசதியில் மருந்து விடாமல் படுத்துவிடாதீர்கள்.

இங்கே மாடியில் தண்ணீர் காலையில் மட்டும் வருகிறது. கீழ்வீட்டுத் தையல்கார அக்கா மெஷினை நிறுத்தினால் வீடே ஊமையாகிவிடும். சில நாள் நான் இன்னொருவரிடம் பேசுவதே பால்காரரிடம் "அரை லிட்டர் போதும்" என்பது மட்டும்தான்.

போன வாரம் தடுப்பூசி போடப் போனோம். ஊசி போட்ட நர்ஸ் குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். பயப்படாமல் முழுவதும் படியுங்கள். தலையின் பின்புறம், இடப்பக்கம், தட்டையாகியிருக்கிறது. கழுத்தை வலப்பக்கம் திருப்பினால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஐந்து மாதம் முடிந்தும் குப்புற விழவில்லையே என்று நான் உள்ளுக்குள் கவலைப்பட்டேனே, அதற்கும் இது ஒரு காரணமாம். குப்புறப் போட்டால் தலையைத் தூக்க முடியாமல் மூக்கைத் துணியில் புதைத்து வீலென்று கத்துவாள். நான் பதறி எடுத்துவிடுவேன். உருண்டை என்று பெயர் வைத்தீர்கள், அவளோ உருள்வேனா என்கிறாள்.

"எப்பவும் ஒரே பக்கமா பாத்துட்டு இருக்காளே, அங்க அப்படி என்னம்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வந்தது. "அவ அப்பா." டாக்டர் விழித்தார். "அப்ப அம்மா எந்தப் பக்கம்?" என்று நர்ஸ் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பிளக் பாயின்ட் கட்டிலுக்கு இடப்பக்கம்தானே. போன் அங்கேதான் சொம்பில் சாய்ந்து சார்ஜில் நிற்கும். நீங்கள் கூப்பிடுவதும் அங்கிருந்துதான். கூப்பிடாத நேரத்தில், அப்பா முகம் மறந்துவிடக் கூடாதே என்று நீங்கள் அனுப்பிய வீடியோக்களை ஓடவிட்டுவிட்டுத் துணி துவைப்பேன், சமைப்பேன். அவள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு கிடப்பாள். சமர்த்து என்று நினைத்தேன். தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும் என்று படித்ததைப் பிடித்துக்கொண்டு, விழித்திருக்கும்போதும் அப்படியே போட்டு வைத்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி வளர்த்த லட்சணம் இது.

"எத்தன பேர் சுத்தி நின்னாலும் என் பொண்ணு என் பக்கம்தான் திரும்புவா" என்று அங்கே உங்களோடு அறையில் தங்கியிருப்பவர்களிடம் பெருமையடித்தீர்களே. ஒவ்வொருவரிடமும் போனைக் காட்டினீர்கள். அவளுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் திரும்ப வரும் என்று உங்களிடம் எப்படிச் சொல்வது? இத்தனை நாள் தள்ளிப்போட்டது இதற்காகத்தான். சொல்லிவிட்டேன்.

விழித்திருக்கும்போது, பால் குடித்த உடனே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை குப்புறப் போட வேண்டும், எதிரே யாராவது படுத்துக் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கழுத்துக்கும் பயிற்சி காட்டினார். இந்த வயதில் சரியாகிவிடுமாம்.

முதல் நாள் அழுகை கேட்டுத் தையல்கார அக்கா மேலே ஓடிவந்துவிட்டார். "ஏண்டி, பச்சப் புள்ளயக் கவுத்துப் போட்டு அழ வைக்கிற? அது என்ன ஆமையா?" என்று ஒரே சண்டை. விளக்கினேன். "என்ன படிப்போ, என்ன டாக்டரோ" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனவர், சாயங்காலம் வெட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த கனமான விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

அதன் மேல் அவளை விட்டு, எதிரே தரையில் நானும் குப்புறப் படுத்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது? இவளிடம் நான் பேசியதே குறைவு என்று அப்போதுதான் உறைத்தது. பேச்செல்லாம் உங்கள் வீடியோ பேசிவிட்டது. எனக்குப் பாடவும் வராது. கடைசியில், கல்லூரியில் மனப்பாடம் செய்த தனிமங்களை வரிசையாகச் சொன்னேன். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம். பெரிலியம் என்றபோது தலை ஆடி ஆடி எழுந்தது. எச்சில் ஒழுக என்னைப் பார்த்தாள். நான் அடுத்ததை மறந்துபோனேன். இந்த அறையில் என் முகத்தைப் பார்க்க ஒருவர் இவ்வளவு கஷ்டப்பட்டது அதுதான் முதல் தடவை.

இன்னும் குப்புற விழவில்லை. ஆனால் தலை நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாக நின்றது.

வீடியோக்களை நிறுத்திவிட்டேன். நீங்கள் கூப்பிடும்போது மட்டும் போனை வலப்பக்கம் வைப்பேன். அவள் சிணுங்குவாள், சில சமயம் திரும்பாமலே இருந்துவிடுவாள். அப்பாவை மறந்துவிட்டாள் என்று நினைத்து மனசு விட்டுவிடாதீர்கள். கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், மெதுவாகத் திரும்பட்டும்.

இன்னொன்று. "தூங்கிட்டா" என்று நான் சொன்னதும் "சரி, அப்ப வெச்சிடறேன்" என்பீர்கள். இனிமேல் உடனே வைத்துவிட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
நான்