அவரை இறக்கச் சொன்னது நான்தான்

மார்ச் 3, செவ்வாய்

திரும்பிப் படுக்க ஒரு கிரேன் வேண்டும். இதை வீட்டில் சொன்னால் அவர் சிரிக்கமாட்டார், உடனே அளவு எடுக்க ஆரம்பித்துவிடுவார். நேற்று அப்படித்தான் ஆயிற்று. முதுகுக்கு ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே ஒன்று, முழங்கால்களுக்கு நடுவில் சுருட்டிய போர்வை. எல்லாவற்றையும் முட்டுக் கொடுத்துவிட்டு, எட்ட நின்று பார்த்து, "ஆடுதா?" என்கிறார். ஆடுகிறதாம்! நான் என்ன தூணா?

அவரைச் சைட்டில் எல்லோரும் மாடிக்காரர் என்பார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் கேபினுக்கு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே நின்று வயர்லெஸ்ஸில் அவருக்கு வழி சொன்னவள் நான், வயிற்றுப் பிள்ளைக்கு ஏழாம் மாதம் ஆகும் வரை. கட்டடத்தின் பின்பக்கம் சரக்கு இறங்கும்போது மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இறக்கு, இறக்கு, இறக்கு என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். என் பேச்சு நின்றால் அவர் கையும் நிற்கவேண்டும். அது எங்கள் தொழிலில் சட்டம்.

நாள் முழுக்கப் பேசியே பழகிய வாய். லீவில் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த எழுத்து.

மார்ச் 9

கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. நான் முனகினால் போதும், எழுந்து காலை நீவ உட்கார்ந்துவிடுகிறார். மறுநாள் அத்தனை உயரத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்கவேண்டிய மனுஷன். "போய் ஹால்ல படுங்க. வேணும்னா கூப்பிடறேன்" என்று விரட்டினேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகு கால் இழுத்தபோது தலையணையைக் கடித்துக்கொண்டேன். சத்தமே போடவில்லை. காலையில் கதவைத் திறந்தால் அறை வாசற்படியில் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார்!

"சத்தமே வரலையே, என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கத்தினாலும் தூக்கம் போகிறது, கத்தாவிட்டாலும் போகிறது.

மார்ச் 20

டாக்டரம்மா இடதுபக்கமாகப் படுக்கச் சொன்னார். உள்ளே இருக்கிறவள் வலதுபக்கம்தான் வேண்டும் என்று உதைக்கிறாள். மாடிக்காரர் வயிற்றில் காதை வைத்து, "முதலாளியம்மா, கொஞ்சம் விட்டுக் குடுங்க" என்று கெஞ்சுகிறார். பெண்தான் என்று அவராக முடிவு கட்டிவிட்டார்.

மார்ச் 28

பெண்ணேதான். நான் அழுதேன். அவர் என்னைவிட அழுதார். அவள் எங்கள் இரண்டு பேரையும்விட.

ஏப்ரல் 11

தோளில் தூங்குகிறாள். படுக்கையில் போட்டால் முழிக்கிறாள். எவ்வளவு ஆழ்ந்த தூக்கமாக இருந்தாலும் சரி, முதுகு துணியில் பட்டதும் கண் திறந்துவிடுகிறது, யாரோ ஸ்விட்சைத் தட்டினது போல.

இறக்கிப் படுக்கவைப்பதை எங்களுக்குத் தெரிந்த விதத்தில் செய்கிறோம். அவர் தூக்கிக்கொண்டு நிற்பார், நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் சொல்வேன்: "இறக்குங்க… இறக்குங்க… தலைப்பக்கம் கொஞ்சம்… இறக்குங்க… போதும், நில்லுங்க." அவர் கை ஒரு நூல்கூடப் பிசகாது. அத்தனை பதமாக எந்தப் பிள்ளையையும் எவரும் இறக்கியிருக்கமாட்டார்கள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

வீல் என்று ஒரு கத்தல்.

மறுபடி தூக்கு, ஆட்டு, இறக்கு. எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பிள்ளையைப் படுக்கவைக்கிறீங்களா, லாரியிலேர்ந்து சரக்கு இறக்குறீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுகையும் வந்துவிட்டது. கேடுகெட்ட தூக்கம்.

ஏப்ரல் 19

இன்று பகலில் ஒன்று புரிந்தது. அவளை இறக்கிவிட்டு நான் "நில்லுங்க" என்று சொல்வதற்குள் எதிர்வீட்டு அக்கா வாசலில் கூப்பிட, நான் அங்கேயே நின்று அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு தண்ணீர் வரவில்லை என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போயிற்று. பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறாள்! அக்கா போனார். நான் வாயை மூடினேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

அட என் கண்ணே. படுக்கை அல்லடி, என் பேச்சு நிற்பதுதான் உன்னை எழுப்புகிறது. ஏழு மாதம் உள்ளே இருந்தபடி நாள் முழுக்க இறக்கு இறக்கு என்று கேட்டுக்கொண்டு வந்தவள்தானே. அப்பனைப் போலவே, குரல் நின்றால் ஏதோ ஆபத்து என்று நினைக்கிறாள். நாங்களோ, இறக்கி முடித்ததும் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு, எழுந்திரு எழுந்திரு என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாடிக்காரரிடம் சொன்னேன். வாயைப் பிளந்துவிட்டார். "அப்போ பேசிக்கிட்டே இருந்தா தூங்குவாளா?"

ஏப்ரல் 30

தூங்குகிறாள். நாங்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முறை வைத்துப் பேசுகிறோம். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேசுவதற்கு விஷயமும் தீர்ந்துவிட்டது. வீட்டிலுள்ள பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி அவளுக்கு அறிமுகம் செய்தாயிற்று. என் முறை முடிந்தும் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அவர் உளறுவதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கிறேன். நான் தூங்குகிறேன் என்று அவர் நம்பட்டும் என்றுதான். என் முறையில் அவரும் அதையே செய்கிறார் என்று நினைக்கிறேன். ரொம்பப் புத்திசாலிகள் நாங்கள்.

மே 6

காலையில் அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "ராத்திரி தூங்கினீங்களா?" என்றேன். "அடிச்சுப் போட்ட மாதிரி" என்றார். பொய். நானும் முழித்துத்தானே இருந்தேன்.

ஆனால் ஏன் ஒன்றும் சொல்லாமல் சட்டையை மட்டும் திருப்பிவிட்டேன்?

மே 12, செவ்வாய்

இன்று நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தேன். "சாப்பிட்டீங்களா?" பதில் வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைக்கும் நேரத்தில், "ம்" என்றார். "என்ன சாப்பிட்டீங்க?" மறுபடி அதே இடைவெளி. "ம்… சாப்பிட்டேன்."

இவரோடு எத்தனை வருஷம் வயர்லெஸ்ஸில் பேசியிருக்கிறேன்! நான் சொல்லி வாய் மூடும் முன் "சரி" என்று வந்து விழும். காய்ச்சலில்கூட அந்தச் சரி தாமதித்ததில்லை. அந்தச் சரியை நம்பித்தான் கீழே இருக்கிற எங்கள் தலைகள் எல்லாம். இன்று அவர் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அவரிடம் சொன்னால் கேட்கமாட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று ஏறிவிடுவார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சூப்பர்வைசருக்கு அடித்தேன்.

"சார், அவர் மதியத்துக்கு மேல ஏறக்கூடாது. இறக்கிவிடுங்க."

"ஏம்மா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை அவரு கண்ணுலதான் சார். தூங்கி நாளாச்சு. நான் சொல்றேன், ஏத்தாதீங்க."

சூப்பர்வைசர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பேச்சைக் கேட்டே பழகிய மனிதர்.

சாயந்தரம் மாடிக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"அத்தனை பேரு முன்னாடி, ஏணியில கால வெச்சவனைக் கூப்பிட்டு நிறுத்துறாங்க. சொன்னது நீயா?"

"நான்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா இறங்கியிருப்பீங்களா?"

எனக்கும் ஆத்திரம். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்னு என்கிட்டயே புளுகினா நான் வேற யார்கிட்ட போவேன்?" என்று கத்திவிட்டேன். பிள்ளை அழுதது. அவர் போய் முகம் கழுவினார். சாப்பிடவில்லை.

செய்தது சரிதான். சரி என்றால் ஏன் திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

மே 13

எனக்குத் தேநீர் மட்டும் போட்டு வைத்துவிட்டுப் போனார், நான் குடிக்கும் சூட்டில்.

மே 14

சொல்லிவிட்டார். பிள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அன்று காலையிலேயே நடந்திருக்கிறது. ஒரு கட்டு கம்பியைத் தூக்கியிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் அது கம்பி கட்டுகிற ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. "நான்தான் திருப்பியிருக்கேன். எப்போ திருப்பினேன்னு ஞாபகமே இல்ல." கீழே ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மெல்ல நகர்த்திக் கொண்டுபோய் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார்.

"மதியம் ஏறணும்னாலே எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். ஏறமாட்டேன்னு சொல்ல வாய் வரல. நீ இறக்கினதும் எனக்கு வந்த கோவம், அது உன்மேல இல்ல."

நான் அந்த ஆட்களை நினைத்தேன். ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குங்க" என்றேன். "எனக்கும்" என்றார். மடித்த துணியெல்லாம் கலைந்துபோயிற்று.

மே 16

சூப்பர்வைசரிடம் அவரே போய் அந்தக் கம்பிக் கட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் கீழேயே வேலை. மாடிக்காரர் தரைக்காரர் ஆகிவிட்டார். நான் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தார், இத்தனை நாளில் முதல் தடவையாக.

மே 22

இன்று என் முறை.

அவர் சீக்கிரம் வந்திருந்தார். நான் நாற்காலியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைத்தேன். கண் விழித்தபோது அவர் என் காலருகே முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிள்ளையை ஏந்திக்கொண்டிருந்தார். என் முழங்காலிலிருந்து சரிந்திருக்கிறாள்.

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "என்னை இறக்கிவிட நீ இருந்தே. உன்னை யாரு இறக்குறது?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல, லேசாக் கண்ணசந்துட்டேன்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே, இதே பொய்யை இவர் சொன்னபோது நான் எப்படிக் கத்தினேன் என்று தோன்றியது. அழுதேன். நல்ல அம்மா இல்லை நான் என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "படு. நான் கூப்பிடமாட்டேன். நீயும் வராதே."

உள்ளே அவள் கத்துகிறாள். நான் கதவு வரை போனேன், கைப்பிடியைத் தொட்டேன், திரும்பி வந்தேன். பெற்ற வயிறு சும்மா இருக்கிறதா? அவர் பேச்சு கேட்டது. அவருக்குக் கதையும் தெரியாது பாட்டும் தெரியாது; எந்தச் சரக்குக்கு எந்தக் கயிறு, எவ்வளவு காற்று அடித்தால் வேலையை நிறுத்தவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் தணிந்தது. பிறகு வெறும் முணுமுணுப்பு. பிறகு "ம்… ம்…" மட்டும். அதுவும் நின்றுபோனபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கத்தல் வரவில்லை.

பேச்சைச் சட்டென்று நிறுத்தாமல், மெல்ல மெல்லத் தேயவிட்டு நிறுத்தவேண்டியிருந்திருக்கிறது. எவ்வளவு சாதாரண விஷயம்! இதைக் கண்டுபிடிக்க நான் வெளியே நிற்கவேண்டியிருந்தது.

ஜூன் 3

இரண்டு நாள் நன்றாகத் தூங்குவாள், மூன்றாம் நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வட்டி வாங்குவாள். ஆனாலும் பரவாயில்லை. இப்போது முறை என்றால் முறை. படுப்பவர் வேறு அறையில் படுக்கவேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு. கண்ணை மூடி நடிப்பதெல்லாம் கிடையாது.

ஜூன் 8

மாடிக்காரர் இன்று மறுபடி மேலே ஏறினார். மதியம் போன் செய்யலாமா என்று கை துறுதுறுத்தது. செய்யவில்லை.

ஜூன் 19, வெள்ளி

நேற்று முதலாளியம்மாவுக்குத் தடுப்பூசி. ராத்திரி முழுக்கச் சிணுங்கல். யார் முறை என்ற கணக்கெல்லாம் காற்றில் போயிற்று. காலையில் அவர் குளித்துவிட்டு வந்து, பாதிப் பொத்தான் போட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. போனை எடுத்தார்.

"சார், நான்தான். இன்னிக்கு நான் ஏறல. ராத்திரி தூக்கமில்ல… இல்ல சார், அவ சொல்லல. நான்தான் சொல்றேன்."

பொத்தானைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். மதியம் வரை அசையவில்லை.

அவர் எழுந்து வந்ததும் நான் பிள்ளையை நீட்டினேன். "எனக்கு முடியலங்க" என்றேன். இந்த மூன்று மாதத்தில் நான் இதைச் சொன்னதே இல்லை. அவர் வாங்கிக்கொண்டார். போய்ப் படுத்தது நினைவிருக்கிறது.

நடுவில் பிள்ளை வீடே அதிர ஒரு பாட்டம் அழுதாளாம். சாயந்தரம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.