கேமராவுக்கு வைத்த சந்தனம்

மார்ச் 24, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மின்விசிறியிலிருந்து வருவது அடுப்புக் காற்று. கடையைச் சீக்கிரம் மூடிவிட்டேன். மாலை மாரியம்மன் கோயிலில் நோம்பிக்குக் கம்பம் நட்டாயிற்று, திருவிழா தொடங்கியாயிற்று. மூன்றாகக் கிளை பிரியும் கவையுள்ள வேப்பமரம். இந்தத் தடவை நல்ல வாகு.

இனி மஞ்சள் நீராட்டு முடியும்வரை:
வீட்டில் தாளிப்பு கிடையாது.
வெளியூரில் ராத்தங்கல் கிடையாது.
சவரம் கிடையாது. (என் முகத்துக்கு இதனால் புதிய நஷ்டம் ஏதுமில்லை.)

இந்த ஆண்டுப் புதுமை, கம்பத்துக்கு நேர் எதிரே இரும்புத் தூணில் ஒரு கேமரா. போன வருடம் கோயில் மணி திருட்டுப் போனதிலிருந்தே பேச்சு. போலீஸ் ஸ்டேஷனிலும் வைக்கச் சொன்னார்களாம். வைத்தவர் கமிட்டித் தலைவர் த.வே., அதாவது என் பெரியப்பா மகன் தங்கவேல். கோழிப்பண்ணை, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, ஊரில் எதற்கும் முதல் மரியாதை. மணியைப் பார்க்க வேண்டிய கேமரா கம்பத்தைப் பார்க்கிறது. யூடியூபில் நேரலையும் உண்டாம். லாரிக்கும் ரிக்குக்கும் போன பையன்கள் வடக்கே இருந்தபடியே நோம்பி பார்க்கலாமாம்.

திறப்பு விழா. பூசாரி ஏணியில் ஏறி மாலை போட்டார். எலுமிச்சம்பழம் கட்டினார். பிறகு கண்ணாடி மேலேயே சந்தனத்தைக் கொழகொழவென்று அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். த.வே.யின் போனில் நேரலை ஒரே மஞ்சள்.

"யோவ், கண்ணுலயே அப்பிட்டியே."

"புதுசா கண்ணு தொறக்கற சாமானுக்குப் பொட்டு வெக்காம எப்படீங்க? லாரிக்கு வெக்கறதில்லீங்களா?"

கோயில் வாசலில் வாய்விட்டுச் சிரித்தேன். த.வே. திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

மார்ச் 25, புதன்

சரசு விடியுமுன் குளித்து, ஈரப் புடவையோடு குடம் எடுத்துப் போனாள், கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற. கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு நோம்பியும் விட்டதில்லை. இந்த வருடம் மகளுக்காக வேண்டுதல். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவது இப்போது நிற்கிறது. கோவையில் படுத்த படுக்கை, டாக்டர் உத்தரவு. நோம்பி முடியும்வரை ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்பது சரசுவுக்கும் அம்மனுக்கும் இடையிலான ஒப்பந்தம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவள் குடம் எடுக்கும் சத்தத்துக்கு விழித்துக்கொள்கிறேன்.

பெண்கள் ஊற்றி முடிக்கும்வரை கோயில் வீதியில் ஆண்கள் கால் வைப்பதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. பால் வண்டி முக்கிலேயே நின்றுவிடும். பூசாரி கோயிலுக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அங்கே என்ன பேசிக்கொள்வார்களோ, திரும்பி வரும்போது சரசுவின் முகம் வேறாக இருக்கும்.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் என் இ-சேவைக் கடை. பட்டா, சான்று, ஆதார் திருத்தம். நான் எம்.எஸ்சி. கணிதம், எம்.ஃபில். இப்போது என் பாடம் ஒன்றே ஒன்று: "ஓடிபி வந்துச்சுங்களா?" பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிப்பார்கள். கடவுச்சொல் பெரும்பாலும் மூத்த பிள்ளை பிறந்த வருடம், அல்லது வண்டி நம்பர். பாதி ஊரின் சாவிக்கொத்து என் காதில் தொங்குகிறது. ஒருவருக்கும் கவலையில்லை.

மார்ச் 27, வெள்ளி

சேலத்திலிருந்து கேமரா கம்பெனி ஆள் வந்து சந்தனத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டான். இனி யாரும் கண்ணாடியைத் தொடக் கூடாது என்று பூசாரிக்கு த.வே.யின் கட்டளை. நேரலை இப்போது படு தெளிவு. வேப்பிலையை எண்ணலாம்.

மோர்க்குழம்பு, தாளிக்காமல். மருந்து போல் குடித்தேன்.

மார்ச் 28, சனி

கடைக்கு ரேவதி வந்தாள். எங்கள் வீதிதான், லாரி ஓட்டும் சேகரின் மனைவி. கூட்டம் போகட்டும் என்று ஓரமாக நின்றிருந்தாள். பிறகு போனை நீட்டினாள்.

"சார், இதுல என்னைய மட்டும் எடுத்துட முடியுங்களா?"

நாக்பூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, சேகர் காலை நேரலை பார்த்திருக்கிறான். "கொடத்தோட நீ வந்தத பாத்தேன் புள்ள, அம்சமா இருந்த" என்று போன். இவளுக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் தானும் திறந்து பார்த்திருக்கிறாள். படத்துக்குக் கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள், ஈரப் புடவைகளைப் பற்றி. இரண்டு வாசித்தேன். மூன்றாவதை வாசிக்கவில்லை.

"அவருகிட்டச் சொல்லலீங்க. வண்டி ஓட்டறவரு, மனசு கெட்டுப் போயிரும்."

ஒருவரை மட்டும் எடுக்க முடியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வழக்கமாக "வாரேனுங்க சார்" என்பாள். இன்று சொல்லவில்லை.

மாலை சரசுவிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"நானும் இருக்கறனா?"

"இருக்கற."

குடத்தை எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டாள். காலையில் வெகு நேரம் தயங்கித்தான் போவாள் போலிருக்கிறது. அல்லது போகமாட்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

போனாள். மேலே கெட்டியான சால்வை. ஊற்றிய உடனே திரும்பிவிட்டாள். அங்கே யாரும் யாரோடும் பேசவில்லையாம்.

டீக்கடையில் த.வே.யைப் பிடித்தேன். நான் வலியப் போய்ப் பேசியது இத்தனை வருடங்களில் இன்றுதான். விஷயத்தைச் சொன்னேன்.

"ரோட்டுல போறப்ப நாலு பேரு பாக்கறதில்லையா? நாலு கழுதைங்க என்னமோ எழுதுனா அதுக்கு நானா பொறுப்பு? தப்புப் பண்ணாதவனுக்குக் கேமராவக் கண்டு என்ன பயம்? உனக்குன்னா பழைய அனுபவம் இருக்குது."

சிரிப்பு. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

பழைய அனுபவம்: நான் வேலை பார்த்த கல்லூரியின் வகுப்பறைக் கேமராவில், விதியை மீறி நான் உட்கார்ந்தபடி பாடம் நடத்திய படத்தைச் செயலாளர் எனக்கே போட்டுக் காட்டினார். காய்ச்சல் என்றேன். "படத்துல காய்ச்சல் தெரியலையே சார்" என்றார். அந்த மாதத்தோடு வேலை போயிற்று. அடுத்த நோம்பிக்குக் கோயில் பொறுப்பு ஒன்றை எனக்குக் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னபோது, "கேமராவுல மாட்டுனவனுக்கா?" என்று கேட்டு ஊரைச் சிரிக்க வைத்தவர் த.வே.

நான் மன்னிக்காதவர்கள், வரிசைப்படி:
செயலாளர்.
த.வே.
அன்று உடன் சிரித்தவர்கள். (பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். இருந்தும்.)

மதியம் வீட்டில் கணினி முன்னால். த.வே.யின் மெயில் கணக்கு என் கடையில் திறந்தது. நேரலையும் அதில்தான் ஓடுகிறது. கடவுச்சொல் அவருடைய முதல் ரிக் வண்டியின் நம்பர், அன்றைக்கு அவரே உரக்கச் சொன்னது. இன்னும் அதுதான் என்று பந்தயம் கட்டுவேன். உள்ளே போய் அணைத்துவிடலாம். யார் செய்தது என்று தெரியவே தெரியாது. அடித்தேன். எல்லா எழுத்தும், எல்லா எண்ணும்.

என்டரை அழுத்தவில்லை. அழித்துவிட்டேன். நல்லவன் என்பதால் அல்ல. தெரியாமல் உள்ளே நுழைந்து பார்ப்பவர்கள் கூட்டத்தில் இன்னொரு ஆளாக நிற்க அருவருப்பாக இருந்தது.

மார்ச் 30, திங்கள்

மேகம் போல் இருந்தது, கலைந்துவிட்டது.

இன்று எந்தப் பெண்ணும் கம்பத்துக்குப் போகவில்லை. யார் யாரிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சரசு புறக்கடை வேம்புக்கு ஊற்றினாள். வேர்மண் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுவும் வேம்புதானே" என்றேன். "கம்பமில்லீங்களே" என்றாள். பிறகு மகளுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா, குழந்தை அசைகிறதா என்று கேட்டாள். வேறெதுவும் சொல்லவில்லை.

நேரலையில் காய்ந்த கம்பம். மேல் கவையில் ஒரு காக்கை.

ஆண்கள் கூடிப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கம்பம் காய்ந்து நின்ற நோம்பி யார் நினைவிலும் இல்லை. உள்ளூரை விட வெளியூரில் பதற்றம் அதிகம். லாரிக்காரர்கள், ரிக் பையன்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். "ஊர்ல கெட்டது ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" த.வே.யின் போன் ஓயவில்லையாம். அவர் வைத்த கண், அவர் மானத்தைத்தான் இன்று ஒளிபரப்பியது. இதை எழுதும்போது எனக்கு இருக்கும் மகிழ்ச்சியை மறைக்கப் போவதில்லை.

மாலை, கோயில் முன் கூட்டம். நான் குறிப்போடு போயிருந்தேன். சம்மதம் யார் கேட்டது, பதிவு எங்கே இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பது. தெளிவாகத்தான் பேசினேன். ஒருவர் கொட்டாவி விட்டார்.

த.வே. இறங்கி வந்தார். "செரி, காலைல மட்டும் நிறுத்தச் சொல்லீர்றேன். நான் நிறுத்துனேன்னா நிறுத்துனதுதான். போதுமா?"

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து சரசுவின் குரல். எனக்கே அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது.

"மாமா, நீங்க சொன்னா நம்பறமுங்க. ஆனா நிறுத்தியிருக்குதா ஓடுதான்னு கீழ நிக்கற எங்களுக்கு எப்படீங்க தெரியும்? பாத்த மாதிரியேதான இருக்குது, எந்நேரமும்?"

"அப்ப கழட்டச் சொல்றியா அம்மிணி? மணி போச்சுன்னா மறுபடி யாரு பதில் சொல்றது?"

"கழட்ட வேண்டாமுங்க. பூசாரி மொத நாளு வெச்சாரே சந்தனம், அதத் தெனமும் பொழுதோட வெக்கச் சொல்லுங்க. நாங்க ஊத்தி முடிச்சு வந்து சொன்னப்பறம் கழுவிக்கோங்க. அண்ணாந்து பாத்தாவே தெரிஞ்சிரும், கண்ணு மூடியிருக்குதுன்னு."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பூசாரி: "நான் அன்னைக்கே செரியாத்தான் பண்ணுனனுங்க. நீங்கதான் திட்டுனீங்க."

த.வே. கண்ணாடி கெட்டுப்போகும் என்று ஆரம்பித்தார். பெண்கள் நடுவிலிருந்து அவர் மனைவியே சொன்னார். "கெட்டா வேற வாங்கிக்கலாமுங்க. சந்தனம் நான் அரைச்சுத் தாரேன்."

தன் மனைவியும் இன்று போகவில்லை என்பது அப்போதுதான் த.வே.க்கு உறைத்தது போலிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய அகராதியில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

"ஒண்ணு இருக்குது மாமா," என்றாள் சரசு. "ஏற்கெனவே புடிச்சதெல்லாம் அழிச்சப்பறந்தான் வருவோம்."

த.வே. என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, அதுக்கு என்ன பண்ணோணும்?"

"நாளைக்குக் கடைக்கு வாங்க."

என் குறிப்பிலிருந்து ஒரு வரிகூட எடுபடவில்லை. வழக்கமாக இதற்கு ஒரு வாரம் புழுங்குவேன். நடந்து வரும்போது காற்று நன்றாக இருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

சரசு இன்றும் புறக்கடை வேம்புக்கே. நாளையிலிருந்து கம்பத்துக்கு.

த.வே. கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். கடவுச்சொல் கேட்கும் இடம் வந்தது. அவர் தொண்டையைச் செருமி உரக்க ஆரம்பித்தார். கீபோர்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நீங்களே அடிங்க."

"உனக்குத் தெரியாததா? அதே வண்டி நம்பர்தான்..."

"சொல்லாதீங்க. மாத்துங்க."

ஒற்றை விரலில் அடித்தார். நான் திருச்செங்கோட்டுப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதியதை யோசிக்க வெகு நேரம் எடுத்தது. பிறகு தோள்துண்டைக் கையோடு சேர்த்துக் கீபோர்டு மேல் போர்த்திக்கொண்டு, உள்ளே தடவித் தடவி அடித்தார். மூன்று தடவை தப்பு. வரிசையில் நின்றவர்களும் தாங்களாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் சிரிக்கவில்லை. மிகவும் கஷ்டப்பட்டேன்.

காலைப் பதிவுகள் எல்லாம் அழித்தாயிற்று. கேமராவின் பதிவுப் பெட்டியில் இருந்தவையும். ஏற்கெனவே யாராவது நகலெடுத்திருந்தால் அதை அழிக்க நம்மால் முடியாது என்று சொன்னேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

"அத ரேவதிப் புள்ளைகிட்ட நானே சொல்றேன்" என்றார். எதிர்பார்க்கவில்லை.

மாலையில் கம்பத்தைச் சுற்றி ஆடும் கம்பத்தாட்டம் மட்டும் நேரலையில் இருக்கட்டும் என்றேன் நான். பையன்கள் பார்ப்பார்கள். அதுவும் என் வாயிலிருந்துதான் வந்தது.

பழைய விஷயத்தை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பட்டியலில் இருக்கிறார். இருக்கட்டும். பெயரை அடித்துவிடவில்லை, ஆனால் செயலாளருக்கும் அவருக்கும் நடுவே ஒரு வரி இடைவெளி விட்டிருக்கிறேன்.

அவர் போன பிறகு கீபோர்டை அப்படியே விட்டுவிட்டேன். இனி வருகிறவர்களே அடிக்கட்டும். வரிசை பஸ் நிறுத்தம்வரை நீண்டது. பனமரத்துப்பட்டிக்காரர் ஒருவர் திட்டினார். இன்னொரு அம்மாள் தன் நாலு எண்ணையும் தானே அடித்து முடித்து, "யாருக்கும் தெரியலையில்ல?" என்று சுற்றிலும் பார்த்தார். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

பொழுது சாய, பூசாரி ஏணியில். தாராளமாகவே அப்பியிருக்கிறார். கீழிருந்து பார்க்க ஒரு லட்டு.

ஏப்ரல் 1, புதன்

குடம் எடுக்கும் சத்தம். எழுந்து வாசலுக்கு வந்தேன், முக்குவரைகூடப் போகவில்லை. பால் வண்டி அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. கோயில் பக்கமிருந்து தண்ணீர் விழும் சத்தம். பிறகு பேச்சு, பல குரல்களில். பிறகு சிரிப்பு. ரேவதியுடையதும் இருந்தது, அது உரத்த சிரிப்பு. வெகு நேரம்.

விடிந்த பிறகு சரசு வந்தாள். தலையில் ஈரம், பாதத்தில் மஞ்சள், முகம் பழையபடி வேறாக.

"என்ன அவ்வளவு சிரிப்பு?"

"அது எங்களுக்குள்ளீங்க."

மேற்கொண்டு கேட்கவில்லை. காப்பிக்குப் பால் வைத்தேன்.