காகிதத்தில் தெறிக்காத எண்ணெய்

சார்,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாப்பிள்ளை வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த இரண்டு நோட்டீஸை எடுத்து என் மேஜைமேல் விரித்தார். இரண்டிலும் செயின் ரம்பத்தின் படம். வழவழப்பான காகிதம், அச்சு மையின் வாசனைகூட இன்னும் போகவில்லை. அவர்களுடைய கோவிலம்பாக்கம் வீட்டில் வேம்பும் முருங்கையும் மதிலைத் தாண்டிப் போய்விட்டனவாம். மரம் வெட்டுகிற ஆள் கூப்பிட்டால் வருவதில்லையாம்.

"வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் எடுப்போம் அங்கிள். வீட்டுக்குப் போதுமான மாதிரி சின்னதா எது வாங்கலாம்? நீங்களும் மாமாவும் வாங்கினவங்களாச்சே, உங்களையே கேட்டுடலாம்னு வந்தேன்" என்றார்.

நல்ல ஆளாகப் பார்த்துத்தான் கேட்டார் போங்கள். ஆனாலும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி படித்தேன். செயின் ஓடுகிற தகடு பன்னிரண்டு அங்குலம் போதும், பெட்ரோல் மெஷின் வேண்டாம், கரண்டில் ஓடுவதே வீட்டுக்குச் சரி, எண்ணெய் தானாக இறங்க வேண்டும், கை தவறினால் செயினை நிறுத்துகிற தடுப்பு முன்பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது உங்கள் குரலாகவே என் காதில் விழுந்தது. அத்தனையும் நீங்கள் எனக்குச் சொன்னவைதானே.

நோட்டீஸை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அத்தைக்குத்தான் இதுல இஷ்டமே இல்லை. மாமா அன்னைக்குக் கொஞ்சம் கவனமா இருந்திருந்தா கை போயிருக்காதுன்னு சொல்லிட்டே இருக்காங்க. மாமாவும் அப்படித்தானே சொல்வாரு, எல்லாம் என் அஜாக்கிரதைன்னு."

இல்லை சார். நீங்கள் அஜாக்கிரதையாக இருக்கவில்லை. எட்டு வருடமாக இது எனக்கு மட்டும் தெரியும். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களிடம் சொல்லவில்லை. இப்போது டீச்சரிடமாவது சொல்வதா, வாயை மூடிக்கொண்டே போய்ச் சேருவதா என்று மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்.

பதினைந்து வருடம் பக்கத்து வீடு நாம். என் அப்பா விற்ற மனையில்தான் நீங்கள் வீடு கட்டினீர்கள். ஆனாலும் நீங்கள் எனக்கு 'சார்', நான் உங்களுக்கு 'சார்'. உங்கள் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதால் உங்களுக்கும் அவர் டீச்சர்தான்! "வீட்டுக்குள்ளகூடவா டீச்சர்?" என்று என் மனைவி சரோஜா கேட்டதற்கு, "திருத்தறதை இன்னும் நிறுத்தலையேம்மா" என்றீர்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்போது நம் தெருவில் மொத்தமே ஏழு வீடு. மழைக்காலம் வந்தால் என் தோட்டத்து வேம்பும் வாதாமரமும் கிளையை ஒடித்து உங்கள் பக்கம் போடும். நீங்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கைரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு முனையை என்னிடம் நீட்டுவீர்கள்.

மெஷின் வாங்கும் யோசனை என்னுடையது. ஆளுக்குப் பாதி போட்டு வாங்குவோம் என்றேன். நீங்கள் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன், எதையும் கோடு போட்டுப் பார்க்காமல் செய்ய மாட்டீர்கள். ஒரு வாரம் விசாரித்து, படம் வரைகிற தாளில் அச்சடித்த மாதிரி கையெழுத்தில் அட்டவணை போட்டுக்கொண்டு வந்தீர்கள். எடை, தகட்டின் நீளம், எண்ணெய் விடும் முறை, தடுப்பு உண்டா இல்லையா, எல்லாம் அதில் இருந்தது. தாம்பரத்தில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் அதையே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். சரியான மண்டு நான்.

மண்ணடிக் கடையில் இரண்டு மெஷின் இருந்தது. ஒன்று கொஞ்சம் கனம், விலையும் கூட. எண்ணெய் தானாக இறங்கும், முன்னால் தடுப்பு இருந்தது. மற்றது லேசு. எண்ணெய்க்குக் கட்டை விரலால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், தடுப்பு கிடையாது. நீங்கள் நேராகக் கனமானதைக் கையில் எடுத்தீர்கள். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே எடை போட்டுவிட்டார்.

"இன்னா சார், வூட்டு மரத்துல நாலு கெளை வெட்டறதுக்கு இம்மாம் பெருசா? அத்தெல்லாம் தெனம் மரம் அறுக்கறவனுக்கு. இத்த எட்த்துனு போ சார், ஜம்முனு கீது" என்றார்.

"கேட்டீங்களா சார், அவரே சொல்றாரு. வருஷத்துல ரெண்டு நாள் எடுக்கப் போறோம், அதுக்கு இதுவே ஜாஸ்தி" என்றேன் நான்.

அப்போது நீங்கள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "தினம் எடுக்கிறவனுக்குக் கை பழகிடும் சார். வருஷத்துக்கு ரெண்டு நாள் எடுக்கிற நம்மளை மாதிரி ஆளுக்குத்தான் பாதுகாப்பு ஜாஸ்தி வேணும்."

எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் கடைக்காரன் எதிரில் வாத்தியார் மாதிரி பேசுகிறீர்களே என்று எரிச்சல். கைக்காசு கூடக் கொடுக்கவும் மனசு வரவில்லை. "உங்களோட பெரிய பேஜாரு சார், பென்சில் வாங்கினாக்கூட அட்டவணை போடுவீங்க போல" என்று சிரித்துக்கொண்டே குத்தினேன். உங்கள் முகம் ஒரு நிமிடம் சுருங்கியது. "சரி சார், உங்க இஷ்டம்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள். லேசானதை நான்தான் தோளில் சுமந்துகொண்டு வந்தேன், என்னமோ சாதித்துவிட்ட மாதிரி.

வாங்கிய பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னீர்களா? இல்லையே. நாலு விதி எழுதி மெஷின் பெட்டியின் மூடியில் ஒட்டினீர்கள். செயினை இறுக்குவது உங்கள் வேலை, எண்ணெய் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கு முன்னால் தகட்டின் நுனியை ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு எதிரே நீட்டி ஓட்ட வேண்டும். காகிதத்தில் எண்ணெய்ப் புள்ளி தெறித்தால் செயினுக்கு எண்ணெய் போகிறது என்று அர்த்தம். புள்ளி விழாவிட்டால் மெஷினை அணைத்துவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். ஒரு வருடம் அப்படித்தான் செய்தோம். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே ஆடினேன். ஸ்கூட்டர், கிணற்று மோட்டார், மண்வெட்டி, சரோஜாவின் கிரைண்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். ரம்பத்தின் மூடியைக் கழற்றி, தகட்டைத் தனியே எடுத்துக் கழுவி, இழைத்த சந்தனத்தைக் குழைத்துக் குழைத்து இரண்டு பக்கமும் அப்பினேன். அதன்மேல் குங்குமம். பொரியும் சுண்டலும் சாப்பிட வந்த நீங்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "பாதி மெஷின் என்னோடதாச்சே சார், அதுக்கு நான் ஒரு ஜெபம் பண்ணிக்கட்டுமா?" என்றீர்கள். பண்ணியிருக்கலாம் சார் நீங்கள்.

மறுநாள் ஈரத் துணியால் மேலோட்டமாக ஒரு துடை துடைத்துத் தகட்டை மாட்டிவிட்டேன். அந்தத் தகட்டின் அடியில், எண்ணெய் வருவதற்கு நெல் நுழைகிற அளவில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை நான் நினைக்கவே இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மழையில் வேப்பங்கிளை முறிந்து என் கேட்டுக்குக் குறுக்கே விழுந்தது. மதியம் என் மைத்துனன் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. வழியைச் சரி பண்ண வேண்டுமே என்று எனக்குப் பரபரப்பு. கோயில் ஆராதனை முடிந்து வந்த உங்களை வெள்ளைச் சட்டையைக்கூட மாற்ற விடாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். தூறல் விட்டிருந்தது. நீங்கள் குனிந்து செயினை இறுக்கினீர்கள், விரலால் தூக்கிப் பார்த்தீர்கள், இன்னும் கால் சுற்று இறுக்கினீர்கள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"காகிதத்துல பார்த்தாச்சா சார்?"

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. ஆரம்பிங்க சார்" என்றேன்.

பார்க்கவில்லை. காகிதத்தைத் தேடி உள்ளே போக வேண்டுமே என்று சோம்பல், அவ்வளவுதான்.

நான் கிளையைப் பிடித்துக்கொண்டேன், நீங்கள் அறுத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் சந்தனம் கருகுகிற வாசனை வந்தது. நீங்கள் தலையைத் தூக்கி, "என்ன சார், வேப்ப மரத்துல சந்தனம் மணக்குது!" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எண்ணெய் இல்லாமல் சூடேறி, நீண்டு, தொளதொளத்துப் போன செயின் அடுத்த நிமிடம் தகட்டை விட்டுக் கழன்று பின்பக்கமாக உங்கள் வலது கையில் அடித்தது.

அதற்கப்புறம் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோவில் என் மடியில்தான் உங்கள் கை இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். பேனா பிடிக்கிற விரல்கள் அவை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மெஷினைப் பிரித்தேன். ஓட்டை முழுக்க மஞ்சளாகச் சந்தனம் இறுகிக் கிடந்தது. சரோஜாவின் ஊக்கை எடுத்து நோண்டினேன். நெல்மணி அளவு கட்டி வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. தண்ணீர்த் தொட்டியடியில் போட்டுக் கழுவிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் நான் கட்டிலருகே வந்தபோது நீங்களே ஆரம்பித்தீர்கள். "எண்ணெய் நீங்க பார்த்துட்டீங்க. அப்போ செயின்தான். நான்தான் சரியா டைட் பண்ணலை. என் தப்பு சார்." என் வார்த்தையை நம்பினதால் வந்த கணக்கு அது. அங்கேயே உங்கள் காலைப் பிடித்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்க சார், நடந்தது நடந்துபோச்சு, மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். நான் உங்களை மன்னித்தேன் சார்! இதை எழுதும்போது கை கூசுகிறது.

அதற்கப்புறம் தினமும் என் ஸ்கூட்டரில் உங்களைத் தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன். மழைக்கு முன்னால் உங்கள் வீட்டு ஓடுகளை மாற்றிக் கொடுத்தேன். "பக்கத்து வீட்டுக்காரர்னா இப்படி இருக்கணும்" என்று தெருவே சொன்னது. நானும் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். கம்பெனியில் உங்களை வரைபடப் பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். நீங்கள் அதற்கும் யாரையும் நோகவில்லை. ஆனால் கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று நாலு தடவை பார்க்க ஆரம்பித்தீர்கள். பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்த்தீர்கள். உங்கள் ஸ்கூட்டரை விற்றீர்கள். உங்கள் மகள் ஜெனிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுகூட, "எதுக்கும் அம்மாகிட்ட ஒரு தடவை காட்டிடு" என்பீர்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஆறு மாதம் முன்பு உங்கள் பெட்டியின்மேல் மண் போடும்போதும் வாய்வரைக்கும் வந்தது. மண்ணைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு, மேடவாக்கம் வழியாகக் கோவிலம்பாக்கம் போனேன், டீச்சர் இப்போது மகளோடு அங்கேதானே இருக்கிறார். டீச்சர் கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடை, சந்தனம், காகிதம், ஊக்கு, எதையும் விடவில்லை. அவர் சிவப்புப் பேனாவை மூடினார்.

"அன்னைக்கு அவர் உங்களைக் கேட்டாரா அண்ணா, பார்த்தாச்சான்னு?"

"கேட்டார். பார்த்தாச்சுன்னேன்."

"பார்க்கலையா?"

"பார்க்கலைம்மா."

திருத்திய பேப்பர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். பிறகு, மேஜையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஜெனிக்குக் குழந்தை பொறந்தப்ப நர்ஸ் கொண்டாந்து முதல்ல அவர்கிட்டதான் நீட்டினாங்க. அவர் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டார். 'வேணாம், என் கையை நம்பாதீங்க'ன்னார். விரல்னால இல்லண்ணா, மீதிக் கை நல்லாத்தான் இருந்துச்சு. தான் தொட்டா தப்பாயிடும்னு பயம். குழந்தை பக்கத்துல உக்காந்து மணிக்கணக்காப் பேசுவார், கதை சொல்வார். சாகறவரைக்கும் ஒரு தடவைகூடத் தூக்கலை."

அது எனக்குத் தெரியாது சார். விரல் போனதும், வேலை மாறினதும் தெரியும். இது தெரியாது.

அந்த நேரம் பார்த்து உங்கள் பேத்தி தூங்கி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். புது ஆள் என்ற பயமே இல்லை. நேராக என் எதிரில் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கினாள். நான் பின்னால் நகர்ந்தேன்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "தூக்குங்க. உங்க கைக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்றார். கோபமாகச் சொன்னாரா, இல்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. பேனாவைத் திறந்து மறுபடியும் பேப்பரைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

தூக்கினேன். நல்ல கனமாக இருக்கிறாள் சார், உங்கள் பேத்தி. என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் முகத்தை வைத்து மறுபடியும் தூங்கிப் போனாள். இறக்கிவிடுங்கள் என்று டீச்சரும் சொல்லவில்லை. நான் அழுதுகொண்டே அப்படியே நின்றேன்.