பயிற்சியில் சொன்னதை என் பேத்தியிடமும் சொல்ல வேண்டி

அனுப்புநர்:
மு. குப்பம்மா,
ஏரிக்கரைத் தெரு, அயனம்பாக்கம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம்.

பொருள்: வானகரம், தர்மலிங்கம் நினைவு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை திருமதி ரேவதி அவர்கள் அறநெறிப் பயிற்சியில் என் பேத்தியைப் பற்றிப் பேசியது – எங்களிடம் வந்து பேசாதது – நடவடிக்கை கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நடந்ததைச் சொல்வதில் பிழை இருக்காது. எனக்கு மறதி கிடையாது. என் கல்யாணப் பந்தியில் சாப்பிடாமல் எழுந்து போனவள் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

2. என் மகள் இறந்தபின் அவள் பெண் கனிமொழி என்னிடம்தான் வளர்கிறாள். மேற்படி பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கணக்கு நன்றாகப் போடுவாள். உரக்கப் படிக்கச் சொன்னால் திக்குவாள். எழுத்து அவளுக்கு இடம் மாறித் தெரிகிறதாம். காலாண்டு விடுமுறை முடிந்த வாரம், அதிகாரிகள் வந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள் என்று பள்ளிக்கு வெள்ளை அடித்தார்கள். அதற்கு முதல் நாள் மாலை தலைமையாசிரியை அவளை வராந்தாவில் நிறுத்தி, கூடப் படிக்கிற பிள்ளைகள் எதிரிலேயே, "நாளைக்கு நீ வர வேணாம்மா. வீட்லயே இரு. ஸ்கூலுக்கு நல்லது" என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. தலையைத் தடவிச் சொன்னாராம்.

3. அவள் மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "வாணாம்னாங்க ஆயா. எப்ப வரணும்னு சொல்லலியே. நான் போவாட்டி ஸ்கூலுக்கு நல்லதாம்" என்றாள். அழவில்லை. இப்போதும் காலையில் குளித்து, சடை பின்னிக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

4. நான் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையிடமே கேட்டேன். "அப்டியெல்லாம் நான் சொல்லவே இல்லீங்க. பசங்க லீவு போட்டுட்டு எதையாச்சும் சொல்லும்" என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டார். அறையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தும் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதை நான் மனசில் வைத்திருக்கிறேன். இந்த மனுவில் அதைக் கேட்கவில்லை.

5. தீபாவளி முடிந்து தலைமையாசிரியர்களுக்கு அறநெறிப் பயிற்சி நடந்தது எனக்குத் தெரியாது. என் மகன் பூபாலன் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறான். எங்கள் தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கும் திரு. ஜேம்ஸ், வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியர். கேன் வரவில்லை என்று கேட்க வந்தவர் பேச்சுவாக்கில், போய்வந்த பயிற்சியைப் பற்றிச் சொன்னார். தான் எடுத்த முடிவில் மனசை உறுத்துவது எது என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டுமாம். ஒரு மேடம் எழுந்து, அதிகாரிகள் வரும் நாளில் படிக்கத் திக்கும் ஒரு பெண்ணை வீட்டில் இருக்கச் சொன்னதையும், ஸ்கூலுக்கு நல்லது என்று அவளிடமே சொன்னதையும், பாட்டி வந்து கேட்டபோது இல்லை என்று சாதித்ததையும் சொல்லி அழுதாராம். பயிற்சி கொடுத்தவர், ஒத்துக்கொள்ளும் தைரியம் எல்லோருக்கும் வராது என்று சொல்லி அனைவரையும் கைதட்டச் சொன்னாராம். பிறகு அதையே பாடமாக வைத்து, குழுக் குழுவாக உட்கார்ந்து பேசி, சார்ட்டில் எழுதி ஒட்டினார்களாம். அந்தப் பெண்ணின் பெயரை வெளியில் சொல்லவில்லையாம், அவள் மரியாதைக்காக.

அது எங்கள் வீட்டுக் கதை என்று ஜேம்ஸ் சாருக்குத் தெரியாது. உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கனிமொழி கதவண்டை வந்து நின்று, "அந்தப் பொண்ணு அப்புறம் ஸ்கூலுக்கு வந்துச்சா சார்?" என்று கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்து, "அத யாரும் கேக்கலியேம்மா" என்றார்.

பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கேனை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார். தாங்கள் கூப்பிட்டால் இதை வந்து சொல்வதாக மறுநாள் என்னிடம் ஒத்துக்கொண்டார்.

6. நான் பயிற்சியைக் குறை சொல்லவில்லை. பெரியவர்களுக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும்தான். ஆனால் ரேவதி அம்மா என்னிடம் இல்லை என்றார், அங்கே ஆமாம் என்றார். அங்கே இருந்தவர்கள் யாருக்கும் அவர் ஒரு கெடுதலும் செய்யவில்லை. யாருக்குச் செய்தாரோ அவளிடம் இன்னும் வரவில்லை. வானகரத்துக்கும் எங்கள் தெருவுக்கும் ஷேர் ஆட்டோ ஓடுகிறது.

7. பூபாலன், பொங்கல் கழிந்ததும் அவளைத் தொழிற்பேட்டையில் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டச் சேர்த்துவிடலாம், வயசைக் கூட்டிச் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள் என்கிறான். "ஊட்ல சும்மா குந்திகினு இன்னா பண்ணப் போறா" என்கிறான். கனிமொழி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நான் போகச் சொன்னால் போக மாட்டேன் என்கிறாள். வேண்டாம் என்றவர்தான் வா என்று சொல்ல வேண்டுமாம்.

8. தலைமையாசிரியையை வேலையை விட்டு எடுக்க வேண்டாம். வேறு ஊருக்கு மாற்றவும் வேண்டாம். மாற்றினால் அவர் போய்விடுவார், சொல்ல வேண்டிய ஆள் இங்கே இருக்க மாட்டார். பயிற்சிக்கு இரண்டாம் பாகம் இருக்கிறது, அதன் பிறகுதான் சான்றிதழ் என்று ஜேம்ஸ் சார் சொன்னார். அதற்கு முன்னால், அங்கே சொன்னதை எங்கள் வீட்டுக்கு வந்து என் பேத்தியின் முகத்தைப் பார்த்து ஒரு முறை சொல்லி, பள்ளிக்கு வா என்று அவர் வாயால் கூப்பிட வேண்டும். அவள் வகுப்பில் திக்கித்தான் படிப்பாள், யார் வந்தாலும் அப்படியே படிக்க விட வேண்டும் என்றும் தாங்கள் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். இனி பயிற்சியில் யாராவது இப்படி எழுந்து சொன்னால், அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லவும்.

அவர் வருவதற்கு நாள், நேரம் எதுவும் நான் குறிக்கவில்லை. எந்த நாள் வந்தாலும் சரி. கனிமொழி வீட்டில்தான் இருப்பாள்.

இடம்: அயனம்பாக்கம்
நாள்: 17.11.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
மு. குப்பம்மா
(ஒப்பம்)